இரகசிய ஆயுதம் பற்றி அரசு வாய் திறக்கும்போது: கொழும்புத் தமிழ்ச் செய்தியாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய ஆயுதம் ஒன்றைப் பற்றி அரசாங்கம் வெளியிடும் அறிக்கையை எவரும் தனியாக உட்கார்ந்து எழுதுவதில்லை. பாதுகாப்பு அமைச்சு ஒரு வரியைச் சேர்க்கும். வெளிவிவகார அமைச்சு இன்னொரு வரியை வெட்டும். விஞ்ஞானி ஓர் எண்ணைக் கொடுப்பார். அதைச் சொல்லலாமா என்று சட்ட ஆலோசகர் யோசிப்பார். நட்பு நாடு ஒன்று பிரதியை முன்கூட்டியே பார்த்துவிட்டு ஒரு சொல்லை மாற்றச் சொல்லும். கடைசியில் நம் கைக்கு வருவது பல கைகள் தைத்த சட்டை. தையல் எங்கே ஓடுகிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு, உள்ளே மடித்து வைத்த துணியும் தெரியும்.

கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையிலோ வானொலியிலோ இணையத்தளத்திலோ வேலை செய்யும் இளம் நிருபர்களுக்கும் உப ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்தச் செய்திகள் நமக்கு இரண்டு வழியாக வருகின்றன. டெல்லி, பீஜிங், வொஷிங்டன், இஸ்லாமாபாத் அறிக்கைகள் வெளிநாட்டுச் செய்தி முகவரகங்கள் வழியாக ஆங்கிலத்தில் வரும். நம் நாட்டு அறிக்கை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முதலில் வந்துவிடும். தமிழ்ப் பிரதி பெரும்பாலும் பக்கம் முடிக்கும் நேரத்தில்தான் எட்டிப்பார்க்கும். நேரம் குறையும்போது வந்ததை வந்தபடி போட்டுவிடுகிறோம். ஷெல் சத்தத்தை வைத்தே அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லப் பழகிய மக்கள் நம் வாசகர்களில் ஏராளம். ஆயுதம் பற்றிய செய்தியில் அவர்களுக்குப் பாதி உண்மையைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

முதலாம் படி: அறிக்கை எப்படித் தயாராகிறது என்பதைப் படியுங்கள்

இதற்கு, ஹிரோஷிமா மீது அணுகுண்டு போட்டதை அமெரிக்கா உலகுக்கு அறிவித்த 1945 ஓகஸ்ட் 6 ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. ஆவணங்கள் இன்று திறந்து கிடக்கின்றன. யார் எப்போது எதை எழுதினார்கள் என்று தொடர்ந்து பார்க்கலாம்.

கதை இரண்டு வருடம் முன்னால் தொடங்குகிறது. 1943 ஓகஸ்ட் 19 அன்று கனடாவின் கியூபெக்கில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அணுகுண்டுத் திட்டம் பற்றிய எந்தத் தகவலையும் மற்றவரின் சம்மதம் இல்லாமல் மூன்றாம் தரப்புக்குச் சொல்வதில்லை என்பது அதில் ஒரு விதி. ஆகவே, குண்டைப் போடப் பிரித்தானியாவின் சம்மதம் தேவைப்பட்டதைப் போலவே, போட்டதை உலகுக்கு எப்படிச் சொல்வது என்பதையும் இரு நாடுகளும் பேசித் தீர்க்கவேண்டியிருந்தது. 1945 ஜூலை 4 அன்று வொஷிங்டனில் கூடிய கூட்டுக் கொள்கைக் குழுவில் இரண்டு விடயங்களும் மேசைக்கு வந்தன.

ஜனாதிபதி ட்ரூமனின் பெயரில் வந்த அறிக்கையைப் பெருமளவு வரைந்தவர் ஆதர் பேஜ். அமெரிக்காவின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனத்தில் பொதுசனத் தொடர்பைப் பார்த்துவந்தவர். போர்ச் செயலாளர் ஹென்றி ஸ்டிம்சனுக்கு நெருக்கமானவர். நியூயோர்க் டைம்ஸின் விஞ்ஞான நிருபர் வில்லியம் லோரன்ஸையும் இராணுவம் திட்டத்துக்குள் எடுத்து ஊடக அறிக்கைகளை எழுதவைத்தது. ஒரு பத்திரிகையாளர் அரசின் எழுத்தாளராகவும் இருந்தார் என்பதை நம் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

ஜூலை 30 அன்று ஸ்டிம்சன், ஜேர்மனியின் பொட்ஸ்டாமில் இருந்த ட்ரூமனுக்குத் தந்தி அனுப்பி, அறிக்கையை வெளியிட முன்கூட்டியே அனுமதி கேட்டார். அந்தத் தாளின் பின்புறத்திலேயே ட்ரூமன் கையால் பதில் எழுதினார்: ஆயத்தமானதும் வெளியிடலாம், ஆனால் ஓகஸ்ட் 2 க்கு முன் வேண்டாம். இதைக் குண்டு போடுவதற்கான கட்டளை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது அறிக்கைக்கான அனுமதி. குண்டுக்கான எழுத்துமூலக் கட்டளை ஜூலை 25 அன்றே இராணுவத்திலிருந்து போய்விட்டது.

ஓகஸ்ட் 6 காலை 11 மணிக்கு வெள்ளை மாளிகையில் பிரதிகள் கொடுக்கப்பட்டபோது ட்ரூமன் அத்திலாந்திக் கடலில் ஒகஸ்டா என்ற கப்பலில் இருந்தார். லண்டனில் அட்லி பிரதமராகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவர் வெளியிட்டது, தேர்தலில் தோற்ற சேர்ச்சில் ஆயத்தமாக வைத்துவிட்டுப் போன உரை. கனடாவில் அமைச்சர் சி. டி. ஹவ் தன் நாட்டின் பங்கைச் சொன்னார். ஓகஸ்ட் 12 ஞாயிறு பத்திரிகைகளுக்காக விஞ்ஞானி ஹென்றி ஸ்மைத் எழுதிய நீண்ட தொழில்நுட்ப அறிக்கை வந்தது. விஞ்ஞானிகள் வெளியில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதற்கு அதுவே எல்லைக் கோடாகவும் ஆனது. நம் தீவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் அப்போது பேராதனையில் இருந்தது. அதன் தளபதி மவுண்ட்பேட்டனுக்கே குண்டைப் பற்றி ஜூலை 24 அன்று பொட்ஸ்டாமில் வைத்துத்தான் சொன்னார்கள்.

இப்போது அந்த அறிக்கையை எடுத்து வாசியுங்கள். முதல் வரியிலேயே ஹிரோஷிமா "முக்கியமான ஜப்பானிய இராணுவத் தளம்" என்று வருகிறது. லட்சக்கணக்கானோர் வாழ்ந்த நகரம் என்று எங்கும் இல்லை. 20,000 தொன் டி.என்.டி. வெடிமருந்துக்கு மேற்பட்ட சக்தி, சூரியன் சக்தி பெறும் அதே மூலம், இருநூறு கோடி டொலர் செலவு என்று எல்லாம் இருக்கிறது. கதிர்வீச்சு பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒரே நாளில் பல தலைநகரங்கள் ஒரே தொனியில் பேசினால் அடியில் ஓர் உடன்பாடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது எல்லாப் பிரதிகளிலும் பொதுவாக எது இல்லை என்று தேடுங்கள். உங்கள் இரண்டாம் நாள் செய்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாம் படி: நேரக் கோடு போடுங்கள்

மொழிபெயர்க்க உட்காருமுன் ஒரு தாளில் நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்த நேரம், முதலில் வாய் திறந்தவர், அரச அறிக்கை வந்த நேரம், அறிக்கை மாறிய நேரம்.

1944 இல் லண்டன் இதற்கு நல்ல பாடம். செப்டெம்பர் 7 அன்று அமைச்சர் டங்கன் சாண்டிஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ஒருசில கடைசிக் குண்டுகளைத் தவிர லண்டன் மீதான சமர் முடிந்துவிட்டது என்றார். அவர் பேசியது ஜேர்மனியரின் வி-1 பறக்கும் குண்டுகளைப் பற்றி. மறுநாள் மாலை சிசிக் பகுதியில் முதலாவது வி-2 ரொக்கெட் விழுந்தது, மூவர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் மௌனம். வெடித்தது எரிவாயுக் குழாய் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. நவம்பர் 8 அன்று ஜேர்மனி தானே அறிவித்த பின்னர்தான், நவம்பர் 10 அன்று சேர்ச்சில் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விழுந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடையில் இரண்டு மாதம். அதை நேரக் கோட்டில் வைத்துப் பார்த்தால், எதிரி சொன்னதால்தான் அரசு சொன்னது என்பது கண்ணுக்கு நேரே தெரியும்.

ஆனாலும் நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். அதே வருடம் ஜூன் நடுப்பகுதியிலிருந்து வி-1 குண்டுகள் விழுந்த இடங்களைச் சொல்லாமல் "தென் இங்கிலாந்து" என்று மட்டும் வெளியிட்டதற்குக் காரணம் இருந்தது. குண்டு எங்கே விழுகிறது என்று ஜேர்மனிக்குத் தெரியாது. பிரித்தானியாவின் இரட்டை உளவாளிகள் பிழையான இடங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சரியான இடம் பத்திரிகையில் வந்தால் குறி திருத்தப்பட்டு இன்னும் பலர் செத்திருப்பார்கள். எல்லா மௌனமும் ஏமாற்று அல்ல. உயிரைக் காக்கும் மௌனமா, அமைச்சரின் முகத்தைக் காக்கும் மௌனமா என்று பிரித்தறிவதுதான் நம் வேலை.

மூன்றாம் படி: தேவைக்கு மேலே நிற்கும் வரியைப் பிடியுங்கள்

சில அறிக்கைகள் மறைப்பதற்கென்றே முன்கூட்டித் தயாரிக்கப்படுபவை. அவற்றில் ஏதோ ஒரு வரி கதையோடு ஒட்டாமல் நிற்கும்.

1945 ஜூலை 16 அதிகாலையில் நியூ மெக்சிக்கோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தது. வெளிச்சத்தைப் பல மைல் தூரத்தில் இருந்தவர்களும் கண்டார்கள். அலமொகோர்டோ விமானப்படைத் தளத்தின் பெயரில் உடனே ஓர் அறிக்கை வந்தது. தொலைவில் இருந்த வெடிமருந்துக் களஞ்சியம் ஒன்று வெடித்தது, உயிரிழப்பும் காயமும் இல்லை என்றது. அத்தோடு நின்றிருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் இன்னொரு வரி இருந்தது: வெடிப்பில் சிதறிய நச்சுவாயு எறிகணைகள் காரணமாக, காலநிலையைப் பொறுத்து, சில பொதுமக்களை வீடுகளிலிருந்து தற்காலிகமாக அகற்றவேண்டி வரலாம்.

களஞ்சியம் வெடித்து முடிந்துவிட்டது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றால், காற்றும் மழையும் ஏன் அறிக்கைக்குள் வரவேண்டும்? கதிரியக்கத் தூசு காற்றோடு போய்க் குடியிருப்புகளில் இறங்கினால் மக்களை அகற்றக் காரணம் வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த வரி அது. அப்படியொரு வரி கையில் கிடைத்தால் அதையே கேள்வியாக மாற்றுங்கள்: எத்தனை குடும்பங்கள், எந்தத் திசை, எத்தனை நாட்களுக்கு?

ஒத்திசைவு இல்லாமல் மறைப்புக் கதை சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 1960 மே மாதம் சாட்சி. மே 1 அன்று சோவியத் வானில் அமெரிக்க யூ-2 உளவு விமானம் வீழ்த்தப்பட்டது. துருக்கி வானில் காணாமற்போன காலநிலை ஆய்வு விமானம் என்று நாசா சொன்னது. சோவியத் வான்பரப்பை மீறும் எண்ணம் அறவே இருக்கவில்லை என்று மே 6 அன்று இராஜாங்கத் திணைக்களப் பேச்சாளர் அடித்துச் சொன்னார். விமானி இறந்திருப்பார், விமானம் சிதறியிருக்கும் என்ற நம்பிக்கையில் சொன்ன பேச்சு. மே 7 அன்று சோவியத் தலைவர் குருஷேவ், விமானி கேரி பவர்ஸ் உயிரோடு தங்கள் கையில் இருக்கிறார் என்று அறிவித்தார். மே 11 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் தானே பொறுப்பேற்றார். அந்த மாத நடுவில் வல்லரசுத் தலைவர்களின் பாரிஸ் உச்சிமாநாடு குலைந்தது. ஒரு நிறுவனம் தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத விடயத்தில் முதல் ஆளாக விளக்கம் கொடுத்தால் கவனியுங்கள். கொடுக்கவேண்டியவர் ஏன் பின்னால் நிற்கிறார் என்று கேளுங்கள்.

நான்காம் படி: எண்களைத் தனியே எடுத்து வையுங்கள்

1998 மே 11 அன்று மாலை இந்தியப் பிரதமர் வாஜ்பாய் தன் இல்லத்துப் புல்வெளியில் நின்று வாசித்த அறிக்கை மிகச் சிறியது. அன்று 15.45 மணிக்குப் பொக்ரானில் மூன்று நிலத்தடி அணுச் சோதனைகள் நடந்தன. அவை அணுப் பிளவுச் சாதனம், குறைந்த சக்திச் சாதனம், ஐதரசன் குண்டு வகையான வெப்ப அணுச் சாதனம். அளக்கப்பட்ட சக்தி எதிர்பார்த்த அளவோடு ஒத்துப்போகிறது. வளிமண்டலத்தில் கதிரியக்கம் கலக்கவில்லை.

மூன்றாவது விடயத்தைத் திரும்ப வாசியுங்கள். அளந்ததும் எதிர்பார்த்ததும் ஒத்துப்போகின்றன. எவ்வளவு எதிர்பார்த்தார்கள்? எவ்வளவு அளந்தார்கள்? இரண்டும் இல்லை. எண்ணே இல்லாமல் எண்ணைப் பற்றிப் பேசும் வாக்கியம் அது. எழுதியவர்களின் திறமையை மெச்சத்தான் வேண்டும். நேரமோ நிமிடம் வரை துல்லியமாக இருக்கிறது, ஏனென்றால் உலகின் நிலநடுக்க மானிகள் அதை எப்படியும் பதிவுசெய்திருக்கும். மறைக்க முடியாததைத் துல்லியமாகச் சொல்லி, மறைக்கக்கூடியதை மொத்தமாகச் சொல்வது எல்லா நாட்டுக்கும் பொதுவான பழக்கம்.

எண் மே 17 அன்று வந்தது. இராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாமும் அணுசக்தித் துறைத் தலைவர் ஆர். சிதம்பரமும் பத்திரிகையாளர் முன் அமர்ந்து, வெப்ப அணுச் சாதனம் 45 கிலோதொன், அதாவது 45,000 தொன் டி.என்.டி.யின் சக்தி, என்றார்கள். நிலநடுக்கப் பதிவுகளைப் பார்த்த வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் அதைவிடக் குறைவு என்றார்கள். 2009 இல், சோதனையில் பங்குகொண்ட கே. சந்தானமே வெப்ப அணுச் சாதனம் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசும் கலாமும் மறுத்தார்கள். ஆகவே 45 என்று எழுதும்போது யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்ற இரண்டையும் அதே வாக்கியத்தில் சேருங்கள். ஹிரோஷிமாக் குண்டுக்குச் சொல்லப்பட்ட 20,000 தொன்கூட, பிற்கால மதிப்பீடுகளில் சுமார் 15,000 தொன்னாக இறங்கிவிட்டது.

ஐந்தாம் படி: பிரதிகளை அருகருகே வைத்து வாசியுங்கள்

எனக்கு மிகப் பிடித்த வேலை இது. மேசையில் இரண்டு தாள்களும் ஒரு சிவப்புப் பேனையும் இருந்தால் போதும்.

பொக்ரான் நாளையே எடுங்கள். வாஜ்பாயின் பகிரங்க அறிக்கையில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. அதே நாளில் அவர் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனுக்கு எழுதிய கடிதத்தில், பெயர் சொல்லாமலே, 1962 இல் இந்தியா மீது படையெடுத்த அண்டை நாடு என்று சீனாவைச் சுட்டியிருந்தார். இரண்டு நாளில் அந்தக் கடிதம் நியூயோர்க் டைம்ஸில் வந்தது. மக்களுக்கு ஒரு பிரதி, தலைநகரங்களுக்கு வேறு பிரதி.

சில நேரம் வேறுபாடு ஒரே தாளுக்குள் இருக்கும். 2019 மார்ச் 27 அன்று இந்தியா, சுமார் 300 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிய தன் செய்மதி ஒன்றை ஏவுகணையால் அழித்தது. பிரதமர் மோடி தொலைக்காட்சியில் அறிவித்தார். வெளிவிவகார அமைச்சு கேள்வி பதில் வடிவில் ஒரு விளக்கத்தை வெளியிட்டது. குப்பை பற்றிய பதிலில் இரண்டு வாக்கியங்கள். விண்வெளிக் குப்பை ஏற்படாதிருக்கச் சோதனை தாழ்ந்த வளிமண்டலத்தில் நடத்தப்பட்டது என்கிறது முதல் வாக்கியம். ஏற்படும் குப்பை எதுவாக இருந்தாலும் சில வாரங்களில் சிதைந்து பூமியில் விழும் என்கிறது இரண்டாவது. குப்பை ஏற்படாதென்றால் விழப்போவது எது? 300 கிலோமீற்றர் எப்படித் தாழ்ந்த வளிமண்டலமாகும்? அது விண்வெளி நிலையங்கள் சுற்றும் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. இராஜதந்திரி எழுதிய வரியும் விஞ்ஞானி எழுதிய வரியும் சந்திக்கும் இடம் இது என்று நான் ஊகிக்கிறேன். ஏப்ரல் 1 அன்று நாசாவின் தலைவர், சுமார் 400 துண்டுகள் உருவாகியதாகவும் அவற்றில் 24 சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதைக்கு மேலே போய்விட்டதாகவும் சொன்னார்.

நம் நாட்டு உதாரணமும் ஒன்று. 2022 ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தது. பீஜிங் அதை ஆய்வுக் கப்பல் என்றது. ஏவுகணைகளையும் செய்மதிகளையும் பின்தொடரும் கப்பல் என்று டெல்லியும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் பார்த்தார்கள். முதலில் அனுமதி கொடுத்த கொழும்பு, ஓகஸ்ட் 5 அன்று வருகையைப் பிற்போடுமாறு சீனத் தூதரகத்தைக் கேட்டது. ஓகஸ்ட் 13 அன்று மறுபடியும் அனுமதி. 16 ஆம் திகதி கப்பல் துறைமுகத்தில். இதற்கிடையே, இலங்கைக்கு அழுத்தம் கொடுத்ததாகச் சொல்வதை டெல்லி மறுத்தது. மூன்று தலைநகரங்களின் பிரதிகளையும் தேதி வாரியாக அடுக்கினால், அழுத்தம் எந்த நாளில் எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று வாசகரே பார்த்துக்கொள்வார். நம் அமைச்சின் அறிக்கையில் பயனுள்ள வரிகள் நிபந்தனைகள்தான்: கப்பல் தன்னை அடையாளம் காட்டும் கருவியை நம் பொருளாதார வலயத்துக்குள் அணைக்கக்கூடாது, நம் கடலில் விஞ்ஞான ஆய்வு செய்யக்கூடாது. நிபந்தனை என்று ஒன்று இருந்தால் அதைச் சோதிக்க வழியும் இருக்கவேண்டும். அந்தக் கருவியின் சமிக்ஞையை எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

உள்ளூர் அறிக்கை வரும்போது சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் பாருங்கள். தமிழ்ப் பிரதியில் ஒரு பந்தி குறைந்திருந்தால் உடனே அரசாங்க தகவல் திணைக்களத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அது கவனக்குறைவாக இருக்கலாம். ஆனாலும் கேட்கப்படவேண்டிய கவனக்குறைவு.

ஆறாம் படி: ஏன் இன்று?

1988 நவம்பர் 10 அன்று அமெரிக்கா, ராடாருக்கு எளிதில் தெரியாத எஃப்-117 போர் விமானம் தன்னிடம் இருப்பதை ஒப்புக்கொண்டது. அது முதலில் பறந்தது 1981 இல். ஏழு வருடம் இரவில் மட்டும் பறந்து மறைந்திருந்தது. பகலிலும் பறக்கவேண்டும் என்ற நிலை வந்ததும் இனி மறைக்க முடியாது என்று அறிவித்தார்கள். அன்று கொடுத்த ஒரேயொரு படம் மங்கலானது. விமானத்தின் உண்மையான வடிவத்தைக் கணிக்க முடியாத கோணத்தில் எடுத்தது. படமும் ஓர் அறிக்கைதான், அதுவும் பலர் கூடித் தெரிவு செய்தது. 2007 மார்ச் 26 அதிகாலை கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கிய பின்னர் விடுதலைப் புலிகள் வெளியிட்ட விமானிகளின் படங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்கவேண்டும். அரசுக்கு ஒரு தராசு, ஆயுதம் தாங்கிய இயக்கத்துக்கு வேறு தராசு என்று நாம் வைத்துக்கொள்ள முடியாது.

தேர்தல் காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். 1980 ஓகஸ்ட் 22 அன்று, ராடாருக்கு எளிதில் தெரியாத விமானத் தொழில்நுட்பம் தங்களிடம் உண்டென்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ஹெரோல்ட் பிரவுன் அறிவித்தார். ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டரை மாதம் இருந்தது. இரகசியத்தை வாக்குக்காக விற்றார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2019 இல் செய்மதியை அழித்த அறிவிப்பு வந்தபோது இந்தியத் தேர்தலின் முதற்கட்ட வாக்களிப்புக்கு இரண்டு வாரம்தான்; தேர்தல் ஆணைக்குழு விசாரித்து, விதி மீறப்படவில்லை என்று முடிவுசெய்தது. குற்றச்சாட்டையும் முடிவையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஏழாம் படி: பேசாமல் இருக்க முடியாத ஆவணங்களைத் தேடுங்கள்

ஏவுகணைச் சோதனைக்கு முன் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அபாய வலய அறிவித்தல் கொடுத்தே ஆகவேண்டும். வங்காள விரிகுடாவில் இந்தியா கொடுக்கும் அறிவித்தல்களில் வலயத்தின் ஆள்கூறுகள் இருக்கும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அளந்தால், எவ்வளவு தூரம் போகும் ஏவுகணைக்கு ஆயத்தம் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். அறிவித்தல் ரத்தாகும் நாட்களும் உண்டு. நம் மீனவர்களுக்கு இது வேறு விதத்தில் முக்கியம். வலயம் அவர்கள் போகும் கடலைத் தொட்டால் அதுதான் தலைப்பு, ஏவுகணை அல்ல.

அடுத்து உடன்படிக்கை அறிக்கைகள். இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும், 2018 மார்ச்சில் கொத்துக்குண்டு உடன்படிக்கையிலும் இணைந்தது. இரண்டின் கீழும் வருடாந்த வெளிப்படைத்தன்மை அறிக்கை கொடுக்கவேண்டும். அவை எவரும் வாசிக்கக்கூடியவை. கொழும்பில் அமைச்சர் சொல்வதையும் ஜெனீவாவுக்கு அனுப்பிய தாளில் இருப்பதையும் ஒப்பிட ஒரு மதியவேளை போதும்.

எட்டாம் படி: கேள்வி கேட்பது

அமைச்சரவை ஊடகச் சந்திப்பில் நீளமாகக் கேட்டால் நீளமான பதில் வரும், அதில் ஒன்றும் இருக்காது. "இந்தக் கப்பலில் அணுவாயுதம் இருக்கிறதா என்று இலங்கை கேட்டதா?" என்பது நல்ல கேள்வி. கேட்டோம், கேட்கவில்லை, சொல்லமாட்டோம் என்ற மூன்றில் எது வந்தாலும் செய்தி. இந்தக் கேள்வி வீண் சந்தேகம் அல்ல. தன் கப்பல்களில் அணுவாயுதம் இருப்பதை உறுதிப்படுத்துவதும் இல்லை, மறுப்பதும் இல்லை என்ற அமெரிக்கக் கொள்கையால்தான் 1985 இல் நியூசிலாந்து ஓர் அமெரிக்கக் கப்பலுக்குத் துறைமுகத்தைத் திறக்க மறுத்தது. கொழும்புத் துறைமுகத்துக்கும் எத்தனையோ நாட்டுப் போர்க்கப்பல்கள் வந்து போகின்றன.

தமிழில் கேளுங்கள், தமிழில் பதில் தரச் சொல்லுங்கள். இன்னொரு நிருபரின் கேள்விக்குப் பதில் வராமல் போனால், அண்ணனோ தங்கச்சியோ எந்தப் பத்திரிகைக்காரரோ பார்க்காமல், அடுத்த கேள்வியாக அதையே எழுப்புங்கள். பேச்சாளர்கள் ஒன்றுகூடி ஆயத்தமாகி வருகிறார்கள். நாமும் அப்படி வந்தால் தப்பில்லை.

மறுப்பு வந்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தேசிய பாதுகாப்பு என்று சொல்லி 5 ஆம் பிரிவின் கீழ் மறுக்கலாம். ஆனால் பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கவேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது; மறைக்கவேண்டிய பகுதியைப் பிரித்து மிச்சத்தைக் கொடுக்க 6 ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆகவே ஆயுதத்தின் வீச்சைக் கேட்காதீர்கள். செலவைக் கேளுங்கள், கேள்விப்பத்திர முறையைக் கேளுங்கள், அறிக்கையின் மும்மொழிப் பிரதிகள் எந்தத் தேதியில் அங்கீகரிக்கப்பட்டன என்று கேளுங்கள். கசிந்த ஆவணம் கையில் இருந்தால் கதை வேறு: 1955 ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ இரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஆசிரியரும் சட்டத்தரணியும் பார்க்காமல் ஒரு வரிகூட ஏற்றாதீர்கள்.

ஒன்பதாம் படி: எழுதுவது

தலைப்பில் அரசின் கூற்றை உண்மையாக ஆக்கிவிடாதீர்கள். "விண்வெளியில் குப்பை சேராது: இந்தியா" என்பது சரி போலத் தெரியும். "குப்பை சில வாரங்களில் விழும் என்கிறது இந்தியா, எத்தனை துண்டுகள் என்று சொல்லவில்லை" என்பது கொஞ்சம் நீளமானாலும் நேர்மையானது.

ஆயுதத்துக்குப் பதவி உயர்வு கொடுக்காதீர்கள். எறிகணை வேறு, ரொக்கெட் வேறு, ஏவுகணை வேறு. அறிக்கை எதைச் சொல்கிறதோ அதை எழுதுங்கள். சந்தேகம் இருந்தால், விழுந்த பொருளை வர்ணித்துவிட்டு நிறுத்துங்கள். 2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாகிஸ்தானில் விழுந்தபோது, இரண்டு நாள் கழித்து டெல்லி கொடுத்த அறிக்கையில் ஏவுகணையின் பெயர் இல்லை. பெயரை எழுதும் ஒவ்வொரு முறையும் யார் சொன்னது என்று சேர்க்கவேண்டியதாயிற்று.

சொல்லப்படாததற்கு ஒரு பந்தி ஒதுக்குங்கள். "அறிக்கையில் இவை இல்லை" என்று வெறுமனே எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், பட்டியலே பேசும். அதேவேளை, படையினரோ மக்களோ இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் தகவலை, அரசு கேட்காவிட்டாலும் நாமே நிறுத்திவைக்கவேண்டும்.

பத்தாம் படி: கோப்பை மூடாதீர்கள்

அறிக்கையில் வாக்குறுதி இருந்தால் அதன் தேதியை நாட்குறிப்பில் எழுதுங்கள். 2019 இல் குப்பை 45 நாளில் அழியும் என்று இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சொன்னார். மார்ச் 27 இலிருந்து எண்ணினால் மே 11. அன்று எத்தனை செய்தி மேசைகள் திரும்பிப் பார்த்தன? துண்டுகள் சில 2021 இலும் சுற்றிக்கொண்டிருந்தன. விண்ணில் சுற்றும் பொருட்களுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் பொதுப் பட்டியலில் அவை இலக்கத்தோடு இருந்தன.

முடிந்தால் இடத்துக்குப் போங்கள். அவுஸ்திரேலிய நிருபர் வில்ஃப்ரெட் பேர்ச்செட் தனியாக ரயிலேறி ஹிரோஷிமா போய் எழுதிய செய்தி 1945 செப்டெம்பர் 5 அன்று லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸில் வந்தது. குண்டில் காயமே படாதவர்களும் இனம்புரியாத நோயால் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் எழுதினார். ஓகஸ்ட் 6 அறிக்கையில் எந்தத் தலைநகரமும் சொல்லாத விடயம் அது. நாலு நாளில் அமெரிக்க இராணுவம் வேறு நிருபர்களை நியூ மெக்சிக்கோச் சோதனைத் திடலுக்குக் கூட்டிப்போய், பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டியது. செப்டெம்பர் 12 அன்று அந்த விளக்கத்தை நியூயோர்க் டைம்ஸில் எழுதியவர் வில்லியம் லோரன்ஸ்.

உங்கள் கோப்பில் இரண்டு செய்திகளையும் தேதியோடு அடுத்தடுத்து வையுங்கள். அடுத்த புதிய ஆயுத அறிக்கை வரும்போது, முதலில் எடுத்து வாசிக்கவேண்டியவை அவை இரண்டும்தான்.